முதுகுப்புறம் இல்லாத நாற்காலிகள்: டென்மார்க் பயணக் குறிப்புகள்

வியாழன், கோபன்ஹேகன்

விடுதியில் பையைப் போட்டுவிட்டு நேராக பிரெட்கேட் தெருவுக்கு வந்துவிட்டேன். டென்மார்க்கின் டிசைன் மியூசியம் இங்கேதான் இருக்கிறது. 1750-களில் ஆஸ்பத்திரியாகக் கட்டிய கட்டடம். தத்துவவாதி கீர்க்ககார்ட் 1855-ல் உயிர் விட்டதும் இந்தச் சுவர்களுக்குள்தான். 1920-களில் ஆஸ்பத்திரியை மியூசியமாக மாற்றிக் கொடுத்தவர்களில் ஒருவர் கோரெ கிளின்ட். டேனிஷ் நாற்காலியைப் பற்றி எங்கே பேச ஆரம்பித்தாலும் இவரிடம் வந்துதான் தீர வேண்டும்.

நாற்காலிகளுக்கென்றே ஒரு நீளமான கூடம் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக மாடங்கள். மாடத்துக்கு ஒரு நாற்காலி. பலவும் கண் உயரத்தில் இருப்பதால், வீட்டில் தரையில் கிடக்கும்போது நாம் பார்க்காத அடிப்பக்கம் நன்றாகத் தெரிகிறது. கால் எங்கே சட்டத்துக்குள் நுழைகிறது, கை எங்கே முதுகோடு சேர்கிறது, துளைக்குள் நுழையும் முனையான கழுந்து வெளியே தெரிகிறதா, உள்ளேயே மறைந்துவிடுகிறதா? நான் வந்தது இதைப் பார்க்கத்தான். இந்த நாற்காலிகளை உலகம் வரைந்தவரின் பெயரால் அறிகிறது. செய்த தச்சரின் பெயர் பக்கத்திலேயே எழுதியிருந்தும் யாரும் படிப்பதில்லை. இந்தப் பயணத்தில் இரண்டு பெயரையும் சேர்த்தே படிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

கிளின்ட் 1924-ல் இங்குள்ள ராயல் கலைக் கழகத்தில் மரச்சாமான் வடிவமைப்புக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். அதே காலத்தில் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளிக்காரர்கள் பழசையெல்லாம் ஒதுக்கிவிட்டு இரும்புக் குழாயை வளைக்கப் போனார்கள். கிளின்ட் எதிர்த் திசையில் போனார். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து நாற்காலி, எகிப்தியர்களின் மடக்கு இருக்கை, சீன நாற்காலி, அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் தங்களுக்காகச் செய்துகொண்ட எளிய நாற்காலி என்று பழைய சாமான்களை மாணவர்களை விட்டு அளக்க வைத்தார். ஏன் இந்த உயரம், ஏன் இந்தச் சாய்வு என்று அளந்து வரைந்தால்தான் புரியும் என்பது அவர் கட்சி. மனித உடம்பையும் அளந்தார். அலமாரி வரைவதற்கு முன்னால் மடித்த சட்டை, தட்டு, கரண்டி எல்லாவற்றையும் அளந்தார்.

இந்தப் பழக்கத்தின் நல்ல பலன் 1933-ல் அவர் வரைந்த சஃபாரி நாற்காலி. இதன் மூல வடிவம் நம் நாட்டிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படை ரூர்க்கியில் இருந்தது. அந்த ஊர்ப் பெயரிலேயே ‘ரூர்க்கி நாற்காலி’ என்று ஒன்று புழக்கத்தில் இருந்தது: கழற்றி மூட்டை கட்டி எடுத்துப் போகிற முகாம் நாற்காலி. கிளின்ட் அதை எடுத்து விகிதங்களைச் சீராக்கினார். பசை இல்லை, ஆணி இல்லை. கூம்பாகக் கடைந்த சட்ட முனைகள் கால்களின் துளைக்குள் போய் உட்காருகின்றன. ஆள் உட்கார்ந்ததும் இருக்கைத் துணி இழுத்து மூட்டுகளை இறுக்கிவிடுகிறது. தரை மேடு பள்ளமாக இருந்தாலும் நான்கு காலும் ஊன்றிக்கொள்ளும். ஒரு மூட்டு தளர்வாக இருப்பதே பலமாக மாறுவதை இவ்வளவு தெளிவாக வேறு எந்த நாற்காலியிலும் நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் அவருடைய 1930-ஆம் வருட மடக்கு இருக்கை. இரண்டு கால்களையும் முறுக்கிய வடிவத்தில் செதுக்கியிருக்கிறார். மடக்கினால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று படிந்து ஒரே உருண்டைக் கழியாகிவிடும். கடைசலும் உளியும் தெரிந்த கை இல்லாமல் இது காகிதத்திலேயே நின்றிருக்கும்.

வெள்ளி, பிஸ்பெபியர்

நகரத்தின் வடமேற்கே ஒரு மேட்டில் குருண்ட்விக் தேவாலயம். கிளின்ட்டின் அப்பா யென்சன் கிளின்ட் வரைந்து, 1921-ல் கட்ட ஆரம்பித்தது. அவர் 1930-ல் இறந்தார். மகன் எடுத்து 1940-ல் முடித்தார். உள்ளேயும் வெளியேயும் மஞ்சள் செங்கல்தான். பூச்சு இல்லை, ஓவியம் இல்லை.

வழக்கமான நீள பெஞ்சுகள் இங்கே கிடையாது. கோரெ கிளின்ட்டின் தேவாலய நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. 1936-ல் இதே நகரத்தின் பெத்லகேம் தேவாலயத்துக்காக வரைந்தவை. பீச் மரம், புல் பின்னிய இருக்கை, முதுகுக்குப் பின்னால் பாட்டுப் புத்தகம் வைக்க இடம். மியூசியத்தில் தொட முடியாத ஆளின் வேலையில் இங்கே உட்கார முடிகிறது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். முதுகு நேராகத்தான் நிற்கிறது, ஆனால் வலிக்கவில்லை. அளந்து வரைந்தவர் என்பது உடம்புக்குத் தெரிகிறது.

மதியத்துக்கு மேல் பிரெட்கேட்டுக்கே திரும்பி, கார்ல் ஹான்சன் நிறுவனத்தின் கடையில் ஒய்-நாற்காலியைச் சாவகாசமாகப் பார்த்தேன். ஹான்ஸ் வெக்னர் 1949-ல் வரைந்தது. 1950-லிருந்து இன்றுவரை இடைவிடாமல் செய்கிறார்கள். உங்களில் பலர் ஏதாவது காபிக் கடையில் இதன் போலியில் உட்கார்ந்திருப்பீர்கள். முதுகுக்கு நடுவே ஆங்கில ஒய் எழுத்து மாதிரி ஒரு பலகை, மேலே அரைவட்டமாகச் சுற்றி வரும் சட்டம்.

அந்த மேல் சட்டம் நீராவியில் பதமாக்கி வளைத்தது. வளைத்த மரம் தன் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். ஒய் பலகை அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஆக அது அலங்காரம் இல்லை. பின்னங்கால்களைப் பார்த்தால் அவற்றையும் முறுக்கி வளைத்தது போலத் தெரியும். உண்மையில் அவை வளைத்தவை அல்ல. பலகையிலிருந்து அறுத்து எடுத்து உருட்டியவை. கண்ணுக்கு வளைவு, மரத்துக்கு வளைவின் வேதனை இல்லை. இது தச்சுப் பட்டறையில் கை வைத்து வேலை செய்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை என்று நினைக்கிறேன்.

ஒரு நாற்காலிக்கு நூறுக்கும் மேற்பட்ட படிகள் என்கிறார்கள். இருக்கையைப் பின்ன சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு, தேர்ந்த கைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆமாம், காகிதம்தான். உலகப்போர்க் காலத்தில் பின்னுவதற்குக் கடற்புல் கிடைக்காமல் போக, காகிதத்தை முறுக்கிக் கயிறாக்கினார்கள். பஞ்சத்துக்கு வந்தது, பல வருஷம் உழைக்கிறது என்று தெரிந்ததும் அப்படியே தங்கிவிட்டது.

சனி, ஓட்ரப்

நகரத்துக்கு வடக்கே ஓட்ரப்கார்ட் என்ற கலை மியூசியத்தின் தோட்டத்தை ஒட்டி நாற்காலி வடிவமைப்பாளர் ஃபின் யூலின் வீடு. 1942-ல் தனக்காகக் கட்டிக்கொண்டு 1989-ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். இப்போது வீடும் மியூசியத்தின் பகுதி. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வெள்ளை வீடு. உள்ளே ஒரு அறையில் நின்றால் அடுத்த அறையும் அதற்கப்பால் தோட்டமும் தெரிகின்றன. எந்தச் சாமானும் சுவரோடு ஒட்டிக் கிடக்கவில்லை. சுற்றி வந்து பார்க்கும்படி நிற்கின்றன.

யூல் தச்சுப் பயிற்சி பெற்றவர் இல்லை. கட்டடக் கலைஞர். கிளின்ட்டின் மாணவரும் இல்லை. அளவுகோல் பாடத்தைவிட அவருக்குச் சிற்பங்கள்தான் பிடித்தன. 1940-ல் அவர் செய்த பெலிகன் நாற்காலியை அன்றைய விமர்சகர்கள் கிண்டல் செய்தார்கள். அவருக்குத் துணை நின்றவர் நீல்ஸ் வோடர் என்ற தச்சர். இந்த இருவரைப் பற்றிப் பேசினால் தச்சர் சங்கக் கண்காட்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1920-களில் கோபன்ஹேகன் தச்சர்கள் நெருக்கடியில் இருந்தார்கள். ஆலையில் செய்த மலிவுச் சாமான்கள் வந்து குவிய, பட்டறைகளுக்கு வேலை குறைந்தது. சங்கம் 1927-ல் ஒரு கண்காட்சி நடத்தியது. அது வருஷா வருஷம் 1966 வரை தொடர்ந்தது. 1933-லிருந்து வடிவமைப்பாளர்களுக்குப் போட்டியும் வைத்தார்கள். இளம் ஆள் ஒருவர் புதிதாக ஏதாவது வரைவார். ஒரு பட்டறை தன் செலவில் அதைச் செய்து பார்க்கும். விற்குமா என்பது யாருக்கும் தெரியாது. இப்படித்தான் ஜோடிகள் அமைந்தன: யூலுக்கு வோடர், வெக்னருக்கு யொஹானெஸ் ஹான்சென், ஓலெ வான்ஷருக்கு ஐவர்சன், கிளின்ட்டுக்கு ரூட் ராஸ்முசன் பட்டறை. ஒரு தொழில் அழியப்போகிறது என்று தெரிந்ததும் பழைய மாதிரிகளையே இன்னும் மலிவாகச் செய்யப் போகாமல், மிகக் கடினமான வேலையைத் தேடிப் போனார்கள். இந்தக் கதையில் என்னை அதிகம் பாதிப்பது இந்தத் துணிச்சல்தான்.

வீட்டின் பெரிய அறையில், கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில், 1949 கண்காட்சியில் வைத்த ‘தலைவர் நாற்காலி’. அகலமானது, தோல் போர்த்தியது, குதிரைச் சேணம் போல மடிந்து இறங்கும் கைகள். கண்காட்சியைத் திறக்க வந்த ஒன்பதாம் ஃபிரெடரிக் மன்னர் இதில் உட்கார்ந்தார். ‘அரசர் நாற்காலி’ என்று பெயர் வைக்கலாமே என்ற பேச்சு வந்தபோது, அது கொஞ்சம் அதிகம், ‘தலைவர்’ போதும் என்றாராம் யூல். இதில் கவனிக்க வேண்டியது, இருக்கையும் முதுகும் சட்டத்தின்மேல் உட்காரவில்லை. சட்டம் தனியாக நிற்கிறது, மெத்தைப் பகுதி தனியாக மிதக்கிறது. இரண்டும் ஒரு சில இடங்களில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. அந்தச் சில இடங்கள் ஒரு ஆளின் முழு எடையையும் தாங்க வேண்டும். கால் அங்கே கொஞ்சம் தடிக்கிறது, அடுத்த சாணில் மெலிகிறது. வோடர் இல்லையென்றால் யூலின் கோடுகள் நின்றிருக்காது. யூலின் கோடுகள் இல்லையென்றால் வோடர் இப்படி ஒரு மூட்டைச் செய்திருக்கவே மாட்டார்.

இங்கே எதிலும் உட்காரக் கூடாது. நியாயம்தான்.

ஞாயிறு, கோபன்ஹேகன்

பழைய சாமான் சந்தை ஒன்றில் காலைப் பொழுது போனது. மேசை, அலமாரி, எழுதும் மேசை என்று எங்கு பார்த்தாலும் தேக்கு. டென்மார்க்கில் தேக்கு ஏது? டேனிஷ் கிழக்காசியக் கம்பெனி சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், வெகு காலமாகத் தேக்கு வியாபாரம் செய்துவந்தது. போருக்குப் பிறகு தேக்கு தாராளமாக வந்து இறங்க, 1950-களில் டேனிஷ் சாமான் என்றாலே தேக்கு என்றாகிவிட்டது. தேக்கில் மணல் சத்து உண்டு, உளி முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும் என்று நம் ஊர் ஆசாரிகள் அலுத்துக்கொள்வார்கள். இங்குள்ள ஆலைகளும் அதற்கென்று கடினமான பல் வைத்த ரம்பங்களுக்கு மாற வேண்டியிருந்தது.

ஒரு சாப்பாட்டு மேசையைக் குனிந்து பார்த்தேன். கால் நுனியில் இரண்டு விரல் தடிமன்கூட இல்லை. நம் வீடுகளில் தேக்கு என்றால் பருமனும் எடையும்தான் பெருமை. இங்கே அதே மரத்தின் பலத்தை நம்பி எவ்வளவு மெலிய வைக்கலாம் என்று பார்த்திருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது வழிதான் மரத்துக்குக் காட்டும் பெரிய மரியாதையாகப் படுகிறது.

பிரேசில் ரோஸ்வுட் சாமான்களும் கிடந்தன. நம் ஈட்டி மரத்தின் இனம்தான். கறுப்பு ரேகை ஓடுகிற அந்த அழகுக்காகவே காட்டை மொட்டையடித்துவிட்டார்கள். 1992-லிருந்து, அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் கடுமையான பட்டியலில் இருக்கிறது. பழைய நாற்காலியாக இருந்தாலும் எல்லை தாண்டிக் கொண்டுபோகக் காகிதங்கள் வேண்டும். யாராவது வாங்கும் யோசனையில் இருந்தால் முதலில் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குவியலுக்கு நடுவே எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சாதாரண நாற்காலி. பொர்யே மோகென்சென் 1947-ல் வரைந்த ஜே-39. மக்கள் இதை ‘மக்கள் நாற்காலி’ என்றே சொல்கிறார்கள். மோகென்சென் கிளின்ட்டின் மாணவர், வெக்னரின் நண்பர். 1942-ல் டேனிஷ் கூட்டுறவுச் சங்கத்தின் மரச்சாமான் பிரிவுக்குத் தலைவரானார். சின்ன வீட்டில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளிக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில், ஆலையில் செய்யக்கூடிய, ஆனால் கூச்சமில்லாமல் நல்லதாக இருக்கும் சாமான் செய்வதே அவருக்குக் கொடுத்த வேலை. அளவெடுத்த ஷேக்கர் நாற்காலிகளின் பாடம் இதில் அப்படியே இருக்கிறது: நான்கு நேர்க்கால், ஒரு அகலமான வளைந்த முதுகுப் பலகை, காகிதக் கயிறு இருக்கை. அவ்வளவுதான். சங்கக் கண்காட்சிச் சாமான்கள் பணக்காரர்களுக்கே போய்ச் சேர்ந்தன என்று குறை சொல்பவர்கள் உண்டு, அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பள்ளியிலிருந்துதான் இந்த நாற்காலியும் வந்தது.

விற்றவர் ஒரு நல்ல விஷயம் சொல்லிக் கொடுத்தார். வெள்ளை ஓக், பீச் சாமான்களுக்கு இங்கே வார்னிஷ் அடிப்பதில்லை. சோப்புச் சீவலை வெந்நீரில் கரைத்து, அதைத் துணியால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்ப்பார்கள். மரத்தின் வெளிர் நிறம் அப்படியே நிற்கும், கறை பட்டால் திரும்பக் கழுவிக்கொள்ளலாம். வருஷத்துக்குச் சில தடவை செய்ய வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடிய பராமரிப்பு.

திங்கள்

மழை. மியூசியங்களுக்கும் இன்று விடுமுறை. துணி துவைத்தேன்.

செவ்வாய், டொண்டர்

நாட்டின் கிழக்கு முனையிலிருந்து தென்மேற்கு முனைக்குப் பயணம். ரயில் கடலுக்கு அடியில் கொஞ்சம், பாலத்தின் மேல் கொஞ்சமாகப் பெரிய நீரிணையைக் கடக்கிறது. எஸ்பியாவில் வண்டி மாறி, ரீபெ வழியாக டொண்டர். ஜெர்மன் எல்லை கூப்பிடு தூரம். வெக்னர் 1914-ல் இங்கே பிறந்தபோது ஊர் ஜெர்மனியில் இருந்தது. 1920-ல் மக்கள் வாக்களித்த பிறகு டென்மார்க்கோடு சேர்ந்தது.

அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. பையன் 14 வயதில் ஊர்த் தச்சர் ஸ்டால்பெர்க் பட்டறையில் சேர்ந்தான். 20 வயதுக்குப் பிறகுதான் கோபன்ஹேகன், கைவினைக் கல்லூரி, வடிவமைப்பு எல்லாம். ஆக முதலில் கை, பிறகுதான் பென்சில். வாழ்நாளில் 500-க்கும் மேற்பட்ட நாற்காலிகளை வரைந்தார்.

ஊரின் பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் இப்போது அவருடைய மியூசியம். தளத்துக்குத் தளம் நாற்காலிகள். ஊருக்கு அவரே கொடுத்த 37 நாற்காலிகள். மேலே ஏறினால் சதுப்பு நிலம் கண்ணுக்கு எட்டும்வரை தட்டையாகக் கிடக்கிறது. நான் வேடிக்கை பார்த்தது குறைவு. குனிந்து பார்த்ததே அதிகம்.

1947-ன் மயில் நாற்காலி: இங்கிலாந்தின் பழைய கிராமத்து நாற்காலியைப் பெரிதாக்கி, முதுகுக் குச்சிகளை விசிறி போல விரித்தது. தோள்பட்டை படுகிற உயரத்தில் மட்டும் ஒவ்வொரு குச்சியும் தட்டையாகிறது. பார்ப்பவருக்கு அது தோகைக் கண். உட்காருபவருக்கு முதுகு உறுத்தாத இடம். 1953-ன் உடை நாற்காலி: முதுகு கோட்டு மாட்டும் சட்டமாகவும், இருக்கையைத் தூக்கினால் கால்சட்டை தொங்கவிடும் கம்பாகவும் இருக்கும், அதற்கு மூன்றே கால்கள். இதில் யாரும் உட்காரப் போவதில்லை என்றாலும் பின்பக்கம் பார்க்க எவ்வளவு சுத்தம்! நாற்காலிக்கு முதுகுப்புறம் என்று ஒன்று இருக்கக் கூடாது, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்பது வெக்னரின் பிடிவாதம்.

ஒரு வரிசை எனக்கு முக்கியமாகப் பட்டது. சீனாவின் மிங் காலத்து நாற்காலிகளைப் பார்த்து 1944-ல் ஒரு ‘சீன நாற்காலி’ செய்தார். முதுகும் கைகளும் ஒரே வளைவாக ஓடும் அமைப்பு. அதிலிருந்து வேண்டாததைக் கழித்துக்கொண்டே வந்ததில் 1949-ல் ஒய்-நாற்காலியும், அதே வருஷம் சங்கக் கண்காட்சியில் ‘வட்ட நாற்காலி’யும் வந்தன. யூலின் தலைவர் நாற்காலி வைத்திருந்த அதே கண்காட்சிதான். அப்போது அமெரிக்கர்கள் வட்ட நாற்காலியைத் தேடி வந்தார்கள். 1960-ல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது இருவருக்கும் போட்டது இந்த நாற்காலியை. அமெரிக்காவில் அதற்குப் பெயரே ‘நாற்காலி’ என்று ஆகிவிட்டது. அரசியலைவிட எனக்கு அதன் மூட்டுதான் முக்கியம். அதற்கு நாளை மறுநாள் அலெரொட் போகிறேன்.

வியாழன், அலெரொட்

கோபன்ஹேகனிலிருந்து ஹில்லரொட் போகும் உள்ளூர் ரயிலில் ஏறினால் அலெரொட் வரும். இங்கே பிபி மோப்லர் என்ற பட்டறை 1953-லிருந்து இருக்கிறது. இரண்டு சகோதரர்கள் தொடங்கியது. யொஹானெஸ் ஹான்சென் பட்டறை மூடிய பிறகு வட்ட நாற்காலி இங்கேதான் பிறக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

முதலில் பலகைக் குவியல். பெரிய, வயதான மரங்களாகப் பார்த்து வாங்குகிறார்கள். டென்மார்க்கில் ஓக்குக்கு ஒரு கதை உண்டு: 1807-ல் ஆங்கிலேயர்கள் கோபன்ஹேகனைத் தாக்கிக் கப்பல் படையைக் கொண்டுபோன பிறகு, புதுக் கப்பல்களுக்காக ஓக் காடுகளை நட்டார்கள். மரம் முற்றுவதற்குள் கப்பல்கள் இரும்பாகிவிட்டன.

வட்ட நாற்காலியின் முதுகும் கைகளும் சேர்ந்த மேல் வளைவு மூன்று துண்டுகள். ரேகை ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மரத்தைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பதற்கே நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். மொத்த உருவத்தை இயந்திரம் அறுத்துக் கொடுக்கிறது. அப்புறம் கை. இயந்திரம் விட்ட வரிகளை எடுத்து, அகலமான முதுகு மெல்லத் திரும்பிக் கையாக மாறும் அந்த இடத்தை விரலால் தடவித் தடவித்தான் முடிக்கிறார்கள்.

மூட்டுக்கு வருவோம். 1949-ல் செய்த முதல் நாற்காலியில் முதுகைச் சுற்றிப் பிரம்பு சுற்றியிருந்தார்கள். துண்டுகள் சேரும் இடம் அழகாக இல்லை, மறைக்க வேண்டும் என்று வெக்னர் நினைத்ததால் அப்படி. மறு வருஷமே அது மாறியது. துண்டுகளின் முனைகளைக் கோத்த விரல்களாக வெட்டி இணைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வளைந்த மரத்தின் மேல் ஒரு கூரான அலைக்கோடு. பசை பிடிக்கும் பரப்பு பல மடங்கு கூடுவதால் பலமும் கூடியது. பிரம்பை எடுத்தாயிற்று. மறைத்து வைத்த மூட்டு அந்த நாற்காலியின் அடையாளமாகிவிட்டது. அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன்; கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை.

எனக்குச் சுற்றிக் காட்டியவரிடம், வரைந்தவர் கேட்டதைச் செய்ய முடியாது என்று பட்டறை சொன்னது உண்டா என்று கேட்டேன். அவர் வளைய நாற்காலியைக் காட்டினார். பெரிய வட்ட வளையம், உள்ளே கயிறு வலை. வெக்னர் இதை 1960-களில் யோசித்தபோது உலோக வளையமாகத்தான் நினைத்தார். அவ்வளவு பெரிய வட்டத்தை மரத்தில் எடுப்பது நடக்கிற காரியம் இல்லை என்பது அவர் எண்ணம். பட்டறைக்காரர்கள் விடவில்லை. மெல்லிய பட்டைகளை வட்டமாக ஒட்டி, ஒட்டிய வளையத்தை உருட்டிச் செதுக்குவதற்கென்றே தனியாக ஒரு இயந்திரத்தைத் தாங்களே கட்டினார்கள். நாற்காலி 1986-ல் வெளியே வந்தது. அப்போது வெக்னருக்கு வயது 72.